லேடி பியாட்ரிஸுக்கு வைத்த தட்டு

யார்க்‌ஷயர், மார்ச் 1924

அன்புள்ள அம்மாவுக்கு, குவென்லியன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

இந்தப் பிரபு வீட்டுக் கூத்தைக் கேள். மகள் லேடி பியாட்ரிஸ் கணவரை விவாகரத்து செய்ததைப் பத்திரிகைகள் நாறடித்துவிட்டன. இனி மகள் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது என்றிருந்தார் பிரபு. ஞாயிறு மதியம் லேடி பியாட்ரிஸே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். போருக்குப் பிறகு ஆள் குறைந்ததால் பரிமாறுவதும் என் தலையில்தான்.

"தட்டு வை" என்றார் எசமானியம்மா. "எடு" என்றார் பிரபு. வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"எசமான், வைக்கணுமா எடுக்கணுமா? ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. எனக்குக் கை வலிக்குது."

வேலை போச்சு என்றே நினைத்தேன். லேடி பியாட்ரிஸ் வாய்விட்டுச் சிரித்தார். பிரபு என்னை முறைத்தார். பிறகு மகளைப் பார்க்காமலே, "கறி ஆறுது. அவளுக்கு முதல்ல போடு" என்றார்.

பயப்படாதே, வேலை போகவில்லை. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. நம் வேல்ஸ் பெயர் இவர்கள் வாயில் நுழையவில்லையாம், ஜேன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதில் போடும்போது என் பெயரை முழுசாக எழுதம்மா. மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்
குவென்லியன்