ஒன்பதாம் நாள் ஆபரேஷன்

அக்கா,

பீரோவின் மேல்தட்டை ஒழித்தபோது உன் எக்ஸ்ரே கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொடையெலும்பு பொருந்தும் இடது இடுப்புக் கிண்ணத்தில் அந்தப் பிளவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் அது நடந்தது; அப்போது உனக்கு அறுபத்தெட்டு வயது. கோட்டைக்குப்பத்துக் கரையில் இறால் ஏலத்தின்போது ஈரத்தில் வழுக்கி விழுந்தாய். நைனா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். எலும்பு நகராதிருக்க உன் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

நாலாம் நாள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உள்ளே ரத்தக் கசிவு அடங்கிடுச்சு. இனிமே ஆபரேஷனைத் தள்ளிப்போட வேணாம். ரொம்ப நாளாயிட்டா எலும்பு கோணலா ஒட்ட ஆரம்பிச்சிடும், அப்புறம் பொருத்துறது கஷ்டம்."

"இந்த வயசுல மயக்க மருந்து தாங்குமா சார்?"

"ஆபத்து இருக்கு. படுத்தே கிடந்தாலும் ஆபத்துதான்."

எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் வந்து, "ஆபரேஷன் தேவையில்லையாம், தானா கூடிடுமாம்" என்று பொய் சொன்னேன். நீ நம்பித் தலையாட்டினாய். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் காலை, பெட்பேன் வைக்கச் சொல்லி நீ ஆயாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாய். யாரிடமும் கெஞ்சாதவள் நீ. அதற்கு மேல் தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என் இடுப்புடா இது. என்னைக் கேக்காம இன்னாத்துக்கு வேணாம்னே?"

"நீ செத்துப் பூட்டா நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

"இப்படியே கெடந்தா மட்டும் நல்லாருக்கேன்னு அர்த்தமா? கூப்புடு டாக்டரை."

காகிதத்தில் நீயே கைநாட்டு வைத்தாய். மறுநாள் ஆபரேஷன். மதியம் வெளியே வந்த டாக்டர், "நல்ல வேளை, இன்னும் ஒட்டலை. சரியாப் பொருந்திடுச்சு" என்றார். வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் அறிந்ததில்லை.

சில மாதங்களில் கோலூன்றிக் கரைக்கு வந்து, ஏலக்காரரோடு பழையபடி சண்டை போட்டாய். அதற்கப்புறம் பதினோரு வருஷம் நடந்தாய், அக்கா. என் பொய்யைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் என் பெண்டாட்டிக்குக் கண்புரை. எப்போது ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று பேச டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"அவகிட்டயே கேளுங்க சார்" என்றேன்.