ஒற்றைக்குக் கட்டிக்கொள்ளும் துணி

அக்கா,

பேரக்குழந்தையை நெஞ்சோடு மாட்டிக்கொள்ளும் பை ஒன்று வாங்க, இன்று மகளோடு திருவனந்தபுரம் போயிருந்தேன். கடைப்பெண் ஒரு பையை எடுத்து அவள் தோளில் போட்டு, பின்னால் போய் முதுகில் பூட்டினாள். டக் என்று ஒரு சத்தம். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். "என்னம்மா?" என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நீங்கள் இறந்துபோன செய்தி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு வராத அழுகை இந்தப் பிளாஸ்டிக் பூட்டுக்கு வந்தது.

உதியன்குளங்கரை வீட்டில் நாம் இரண்டு மருமகள்கள். உங்கள் கணவர் மூத்தவர், ஜங்ஷனில் பலசரக்குக் கடை. என் கணவர் இளையவர், ஷார்ஜாவில் வேலை. பூவாரில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது, என் மகள் கீழே கிடத்தினால் ஊரைக் கூட்டுகிற பிள்ளையாக இருந்தாள். தூக்கித் தூக்கி என் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. என்ன தைலம் தேய்த்தும் குறையவில்லை. குழந்தையை இறக்க முடியாது, கையை நீட்ட முடியாது, கேட்டைத் தாண்ட முடியாது. அடுக்களை ஜன்னலில் நின்று, ரோட்டில் போகிற பஸ்களின் பலகையை வாசிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

அப்படி இருக்கும்போதுதான் பூவாரில் என் அப்பா விழுந்தார். உடம்பில் ஒரு பக்கம் தளர்ந்து, பேச்சு குழறிவிட்டது. அம்மாவால் அவரை விட்டு நகர முடியாது. பிள்ளையைக் கொண்டுவந்து ஒரு தடவை காட்டு என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள். மாமியாரிடம் கேட்டேன்.

"வீங்கி வய்யாத்த கையையும் வச்சுக்கிட்டு, நெய்யாற்றின்கரையில பஸ் மாறி, ஒத்தைக்கு எப்படிப் போவ?" என்றார். "பிள்ளை நழுவிச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? அவன் லீவுக்கு வரட்டு. பிறவு போவலாம்."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதனால் எரிச்சல் இரட்டிப்பானது. "அக்கா கூட வரட்டும் மாமி, அவங்க பிள்ளையத் தூக்கிக்கிடுவாங்க" என்றேன்.

"அவ தூக்கண்டா. பெறாத்தவளுக்க கை பிள்ளைமேல படப்பிடாது. கோயில்ல பிள்ளைக்கு முதல் சோறு குடுக்க சோறூட்டு கழியட்டு, பிறவு பாக்கலாம்."

நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. நீங்கள் கஞ்சிப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே போய்ப் பார்க்க முடியுமா என்ற பயத்தில், நானும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவருக்கு எழுதினேன். லீவுக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் அவர் நீலநிறப் பை ஒன்று கொடுத்துவிட்டார். உள்ளே விறைத்த அட்டை, தோளை அறுக்கும் வார், முதுகில் பூட்டு. எவ்வளவு வளைந்தாலும் என் கை பூட்டுக்கு எட்டாது. மாமியாருக்கோ வாயெல்லாம் பல். யாராவது வீட்டுக்கு வந்தால் போதும், "ஷார்ஜா சாதனம் ஆக்கும்" என்று சொல்லி என்னையும் பிள்ளையையும் சேர்த்துப் பூட்டி நிறுத்திவிடுவார். விருந்தாளி காப்பி குடித்து முடிக்கும்வரை நான் முன்னறையில் காட்சிப்பொருள்.

ஒருநாள் அப்படிப் பூட்டிவிட்டு, வந்தவர்களை வழியனுப்பப் போனவர் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை நனைத்து, பசித்து, முகம் சிவந்து கத்துகிறாள். பால் கொடுக்க வேண்டும், அவிழ்க்க முடியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். நீங்கள் வாசற்படியில் வந்து நின்றீர்கள். கைகள் இரண்டும் முந்தானைக்குள்.

"நீ பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கோ மக்கா. நான் பூட்டை மட்டும் தொடுதேன்."

விரல்நுனியால் திறந்தீர்கள். பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியதும், அந்தப் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினீர்கள். "இது சுமக்கதுக்கு உள்ளதா? ஜெயிலு ஆக்கும்" என்றீர்கள். உங்களுக்குக் கோபம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உங்கள் கணவரின் பழைய வேட்டி ஒன்றை நீங்கள் எடுத்துக் கிழித்தது அதற்குப் பிறகுதான். துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன துணி. பிள்ளையின் கனத்துக்கு ஒரு தலையணை உறையில் அரிசி கட்டி, மாமியார் மத்தியானம் உறங்கும்போது அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நடந்து பார்த்தீர்கள். முதல் தடவை முடிச்சு நழுவி அரிசி முழுக்க முற்றத்தில் கொட்டியது. கோழிகளுக்குக் கொண்டாட்டம். "நல்ல வேளை, அரிசிக்கு அழத் தெரியாது" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு தோளில் அகலமாக விரித்து, முதுகில் குறுக்கே கொண்டுபோய், முன்னால் கொண்டுவந்து வயிற்றில் முடிந்தீர்கள். குனிந்தீர்கள், கிணற்றில் தண்ணீர் கோரினீர்கள், படி ஏறினீர்கள். துணி அசையவில்லை.

"முன்னால கெட்டணும். அப்பம் உனக்கு ஒருத்திக்க தயவும் வேண்டாம். எனக்க தயவும் வேண்டாம்."

மாமியார் செங்கல் ஊர்க் கோயிலுக்குப் போன ஒரு காலையில் நான் பஸ் ஏறினேன். வீங்கிய கையில் கனமில்லை. நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூவாரில் அப்பா, துணிக்கு வெளியே தொங்கிய பிள்ளையின் பாதத்தை நல்ல கையால் பற்றிக்கொண்டு விடவில்லை. அவிழ்க்கவும் விடவில்லை. அந்த வருடத்தை அவர் தாண்டவில்லை. அவர் இருக்கும்போதே நான் போய்ப் பார்த்துவிட்டேன், அக்கா. நீங்கள் போகவைத்தீர்கள்.

திரும்பி வந்தபோது மாமியார் வாசலில் நின்று, என் நெஞ்சில் கிடந்த துணியை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் அந்தத் துணி துண்டு துண்டாக அடுப்படியில் கிடந்தது, பானை இறக்குகிற கரித்துணியாக. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. சோறூட்டும் கழிந்தது. அதற்குப் பிறகும் உங்களைப் பிள்ளையிடம் அண்ட விடாமலிருக்க ஏதாவது ஒரு சாக்கு வந்துகொண்டே இருந்தது. விசா வந்து நானும் பிள்ளையும் ஷார்ஜா போனோம். நீங்கள் அதே அடுக்களையில், அதே ஜன்னலில். லீவுக்கு வரும்போதெல்லாம் "பிள்ளை வளந்துட்டாளே" என்று தள்ளி நின்றே சொல்வீர்கள். எனக்குத் திறந்த கேட் உங்களுக்கு ஒருநாளும் திறக்கவில்லை.

கடையில் மகள் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, "எதும்மா எடுக்க?" என்றாள். "நீ தனியா மாட்டி, தனியா அவுக்கக்கூடியதை எடு" என்றேன். மெல்லிய பருத்தியில் ஒன்றை எடுத்தாள். உங்களைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும். அன்று நான் பூவாருக்குப் பஸ் ஏறுவதற்குச் சற்று முன் நடந்ததையும்.

அரிசியை நம்பிப் பிள்ளையை வைக்க எனக்குப் பயமாக இருந்தது. கழுத்து சாய்கிறதா, மூக்கு அழுந்துகிறதா என்று எட்டி நின்று பார்த்தால்தானே தெரியும்? அதனால் பிள்ளையை உங்கள் நெஞ்சில் வைத்துக் கட்டினேன். நீங்கள் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் அகற்றிப் பிடித்தபடி நின்றீர்கள். நடக்கச் சொன்னேன். கிணற்றடிவரை கையைத் தூக்கிக்கொண்டே நடந்தீர்கள்.

"அக்கா, கைய வையுங்க."

"வைக்கட்டா?"

வைத்தீர்கள். ஒரு கை முதுகில், ஒரு கை தலையில். பிள்ளையின் கன்னம் உங்கள் மார்பில் பதிந்திருந்தது. அவள் முகம் என் பக்கம், உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நீங்கள் அசையாமல் நின்று, மெதுவாகக் கேட்டீர்கள்.

"உறங்கிட்டாளா, மக்கா?"

அவள் கண்ணை நன்றாக விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா, உறங்கிட்டா," என்றேன். "இப்பம் எடுத்தா முழிச்சிருவா. அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்."