நெற்றியில் ஒரு சிவப்புக் கல்

சான் ஹோசே. அக்டோபர் 17, வெள்ளி.

மகள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த இடத்தில், கிரேக்க முறையில் கல் பதித்துத் திருவுருவம் செய்யும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இன்று மாதாவின் முகம். ஈரச் சாந்தில் சின்னச் சின்னக் கற்களாகப் பதித்துக்கொண்டே போனேன். ஆசிரியை எலெனி பின்னால் வந்து நின்றார்.

"நெற்றியில் இது என்ன?"

புருவங்களுக்கு நடுவே ஒரு சிவப்புக் கல். நான்தான் வைத்திருக்கிறேன். வைத்த நினைவே இல்லை. எங்கள் ஊரில் பெண் முகம் என்றால் பொட்டு இருக்கும் என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும் திருவுருவத்தில் நம் இஷ்டத்துக்கு எதையும் சேர்க்கக் கூடாதாம். சாந்து இறுகுவதற்குள் எடுத்துவிடச் சொன்னார்.

இடுக்கி கையில் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. நான் பத்திரிகை ஆபீஸ் கிளம்பும் நேரத்தில்தான் என் மனைவி சரோஜா கண்ணாடி முன்னால் நிற்பாள். "பொட்டு நடுவுல இருக்கா, பாத்துச் சொல்லுங்க. ரிப்போர்ட்டர் கண்ணு ஆச்சே!" பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன். அவள் போன பிறகு யார் நெற்றியையும் அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியில் எடுத்துவிட்டேன். அந்தக் குழியில் தோல் நிறக் கல் ஒன்றை வைத்தேன்.

சாயங்காலம் அழைத்துப்போக வந்த மகள் குனிந்து பார்த்தாள். "சூப்பரா இருக்குப்பா. ஆனா நெத்தி மட்டும் ஏதோ எம்ப்டியா இல்ல?"

சட்டைப் பையிலிருந்த சிவப்புக் கல்லை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல்களை மூடிக்கொண்டாள். ஃப்ரீவே முழுக்க ஒரு கையாலேயே காரை ஓட்டினாள்.