அரை சைஸ் பெரிய ஷூ

என் செல்ல அக்கா,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. டெங்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வராத அழுகை இன்னும் வரவில்லை. ஆபீஸ் போகிறேன், வருகிறேன். குழம்பில் உப்பு இல்லை என்பதுகூட யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

தூக்கம் இல்லை என்று டாக்டரிடம் போனேன். "மாத்திரை வேணாம்மா, காலைல கொஞ்சம் ஓடிப் பாருங்க" என்றார். அதனால் போன சனிக்கிழமை சாயங்காலம் ஷூ கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஆம்பூர்ப் பக்கம், பேச்சில் கன்னடமும் கலந்து வரும். நான் வழக்கமான ஐந்தாம் நம்பர் கேட்டேன்.

"ஓடறதுக்கா மேடம்? அரை சைஸ் பெருசா எடுங்க. ஓட ஓடப் பாதம் வீங்கும், விரல் முன்னாடி போய் இடிக்கும். சொல்ப, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

நடந்தேன். குதிகால் நழுவவில்லை. அதுவே போதும் என்றார்.

பிறகு ஒரு டீ-ஷர்ட்டைக் காட்டி, வேர்வை தங்காத துணி என்று விளக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரியாதா? பொம்மசந்திரா பாக்டரியில் ஒன்பது வருஷம் நீ தைத்தது அதைத்தானே. "காட்டன் வேர்வையைக் குடிச்சிட்டு அப்படியே உக்காந்துடும்டீ. இது குடிக்காது. வெளிப்பக்கமா இழுத்துப் பரப்பிக் காய விட்டுடும்" என்பாய். சொல்லிவிட்டு, நனைந்த காட்டன் ரவிக்கை முதுகில் ஒட்ட, மின்விசிறிக்குக் கீழே உட்காருவாய். உனக்கென்று ஒன்றாவது வாங்கிக்கொண்டாயா?

டீ-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பித் தோள் தையலைத் தடவினேன். தடிப்பே இல்லை, தோலை உராயாது.

"தையல் எல்லாம் பாக்கறீங்க?"

"எங்க அக்கா இதுதான் தைக்கறாங்க" என்றேன். திருத்திச் சொல்லத் தோன்றவில்லை.

"நல்லா இருக்குன்னு அவங்க கிட்ட சொல்லுங்க."

சரி என்றேன். இதோ, சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை லால்பாக் பூங்காவில் ஓடினேன். உள்ளே இருக்கும் பெரிய பாறையை எட்டுவதற்குள் மூச்சு முட்டியது. நடந்தேன், மறுபடி ஓடினேன். மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மட்டும் வலித்தது. வீடு வருவதற்குள் டீ-ஷர்ட் காய்ந்திருந்தது.

உன் காரியம் முடிந்ததிலிருந்து அம்மா அடுகோடியில் இருக்கும் நம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அன்று நான் ஷூவைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தாள்.

"கனமே இல்லடீ. என் காலுக்குக் கிடைக்குமா?"

"ஓடப் போறியாம்மா?"

"நடக்கறேன். நீ ஓடு, நான் பின்னாடி வரேன்."

அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வருகிற சனிக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப் போகிறேன், அக்கா. இரண்டு காலையும் அளந்துதான் வாங்குவேன். அவள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும், அவளை விட்டுவிட்டு முன்னால் ஓட மாட்டேன்.

உன் தங்கை,
மீனா