ரயிலில் முளைத்த சிலம்பம்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை, மதியம்.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே வெயில் உட்பட எல்லோரும் நலம், எங்களைவிட வெயில் கொஞ்சம் கூடுதல் நலம். புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் வாசல் தெளிக்கக்கூடப் போகாமல் முதல் வேலையாக, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த உன் தம்பியின் டைம் டேபிளைக் கிழித்துப் போட்டேன். கோபத்தில் இல்லை. உன் அப்பா பசை தீர்ந்துவிட்டதென்று சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டியிருந்தார், அதில் எறும்பு ஏறிவிட்டது. காலை ஐந்து மணி யோகாவிலிருந்து மாலை ஆறு மணி கீபோர்டு வரைக்கும் ஒரே சாரை. சித்தார்த்தன் எழுந்து வந்து கண்ணைத் தேய்த்தபடி அதையே கொஞ்ச நேரம் பார்த்தான், "பரவால்லமா, அதுங்களாவது எல்லா கிளாசுக்கும் கரெக்டா போவுதுங்க" என்றான். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது.

போனில் பேசுவதை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், உன் தம்பி பக்கத்து அறையிலிருந்தே பதில் சொல்கிறான், நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. அதோடு இது கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயம். முதலில் சின்னச் செய்திகளை முடித்துவிடுகிறேன். முகையூரிலிருந்து மாமா ஒரு சாக்கு மல்லாட்டை அனுப்பியிருக்கிறார். விடுமுறையில் உபயோகமாக ஏதாவது செய்யட்டும் என்று சித்துவிடம் உரிக்கக் கொடுத்தேன், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முறத்தில் தோல் இருந்தது, வேர்க்கடலை அவன் வயிற்றில் இருந்தது. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றான். எதிர்வீட்டு ஜெயம் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடித் தொட்டியில் தண்ணீர் பதினோரு மணிக்கே கொதிக்கிறது, பருப்பை உள்ளே போட்டால் வெந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்றே உன் அப்பாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பிள்ளை இரண்டு மாதம் போனும் கையுமாகக் கிடந்தால் என்ன ஆவான் என்று. அந்தக் கவலை எனக்கும் உண்டு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் உன் அப்பாவின் கவலைக்குத் தினமும் தீனி போட்டது விழுப்புரம் ரயில்தான். காலை பாசஞ்சரில் சீசன் டிக்கெட் வைத்திருக்கிற ஆட்களெல்லாம் ஒரே பெட்டியில், அவரவர் இடத்தில் உட்கார்ந்து போவார்களே, உனக்குத் தெரியும். வருஷம் பூராவும் அரசியல் பேசுகிற அந்தப் பெட்டி, மே மாதம் வந்தால் பிள்ளைகளைப் பேசும். உன் அப்பாவுக்கு எதிர் இருக்கைக்காரர் பெரியதம்பி, விழுப்புரத்திலேயே வேறு ஆபீஸ், அவருக்கும் சித்து வயதில் ஒரு பையன். சாயங்காலம் உன் அப்பா செருப்பைக் கழற்றும்போதே செய்தி வந்துவிடும். "மலரு, பெரியதம்பி பையன் ஹிந்தி சேந்துட்டானாம்." மறுநாள் சித்து ஹிந்தியில் சேர்ந்தான். "மலரு, அந்தப் பையன் கீபோர்டு வாசிக்கிறானாம்." இவனும் கீபோர்டு. எப்போதோ எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளையைக் கையெழுத்து வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்து மறுபடி அ, ஆ எழுத வைத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே சிலம்பம். தன்னைவிட உயரமான கம்பைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போனான், போகிற வழியில் தெருவில் பாதிப் பேர் ஒதுங்கி நின்றார்கள். மூன்றாம் நாள் கம்பைச் சுற்றி தன் கணுக்காலிலேயே போட்டுக்கொண்டு நொண்டி வந்தான். வீங்கிய இடத்தில் நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, "ஏம்மா, சும்மா இருக்கறதுக்குன்னு எங்கனா கிளாஸ் இருந்தா அதுல சேத்து வுட்டுடேன்" என்று கெஞ்சினான். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டே வந்து, "அதுக்கு நீயே மாஸ்டரு, உனுக்கு எதுக்குடா கிளாசு" என்றார்.

போன வாரம் அவர் கொண்டு வந்த செய்திதான் பெரியது. விழுப்புரத்துக்கு வெளியே ஓர் இடத்தில் முப்பது நாள் தங்கிப் படிக்கும் முகாமாம், காலை நாலரைக்கு எழுப்பிவிடுவார்களாம், பத்தாம் வகுப்புப் பாடம் முழுவதையும் பள்ளி திறக்கும் முன்பே முடித்துவிடுவார்களாம், போனைக் கொண்டு வரக்கூடாதாம். பெட்டியில் இதுவரை யாருடைய பிள்ளையும் அதில் சேரவில்லையாம், அதைத்தான் இரண்டு முறை சொன்னார். புதன்கிழமை மதியம் நான் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது சித்து அடுப்படி வாசலில் வந்து நின்றான். "அம்மா, அங்க போனா திரும்பி வந்ததும் நேரா டென்த்து. அப்பறம் லெவன்த்து, டுவல்த்து. இதாம்மா கடைசி லீவு. வேணாம்னு சொல்லேன்" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை, கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்பாகிட்ட பேசறேன் என்றேன். பேசவில்லை. எனக்கே என்ன சொல்வதென்று தெளிவில்லை, நாளைக்கு மார்க் குறைந்தால் யார் பொறுப்பு என்ற பயம்தான் முதலில் வந்தது.

நேற்று அவனை வீட்டிலேயே விட்டுவிட்டு, அங்கே பெயர் கொடுக்க நானே கிளம்பினேன். உன் அப்பாவுக்கு லீவு இல்லை, அதனால் அவரோடே அந்த ரயிலில். என்னைப் பக்கத்து வரிசை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். மயிலம் தாண்டியதும் ஆரம்பித்தது. என்னாங்க பெரியதம்பி, பையன் என்னா பண்ணிக்கினு கீறான் என்று இவர் கேட்டார். "அவனுக்கு எங்க சார் நேரம், காத்தால யோகா, அப்பறம் ரோபோ செய்ற கிளாசு, பேஜாரா பூட்டுது சார், துன்றதுக்குக்கூட வர மாட்றான்" என்றார் அவர். ரோபோ என்றதும் உன் அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உடனே, நம்ம பையன இன்னிக்கு தங்கிப் படிக்கற எடத்துல சேக்கறோம், தோ மேடமே வந்துகினு கீறாங்க என்று என் பக்கம் கையைக் காட்டினார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஜன்னல் வழியாக விக்கிரவாண்டியில் இறங்கிவிடலாமா என்று இருந்தது.

விழுப்புரத்தில் இறங்கியதும் உன் அப்பா ஆபீசில் கையெழுத்துப் போட ஓடிவிட்டார். பெரியதம்பிக்குப் பஸ் நிலையத்துப் பக்கம்தான் ஆபீஸ், என்னோடு நடந்து வந்தார். சாயங்காலமே இவர் ரோபோவைத் தேடுவார், இப்போதே விசாரித்து வைப்போம் என்று அந்த கிளாஸ் எங்கேங்க இருக்கு என்று கேட்டேன். மனிதர் நின்றுவிட்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். "தங்கச்சி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா. ரோபோவும் இல்ல, ஒரு எழவும் இல்ல. எம்புள்ள பதினோரு மணிக்கு எய்ந்து, கேப்பைக் கூழு குடிச்சுட்டு மறுக்கா படுத்துக்கறான். சாரு தெனம் ஒரு கிளாசு சொல்றாரு, நான் மட்டும் வாய மூடிக்கினு எப்டி குந்திக்கினு வர்றது? மானம் போவுதுல்ல" என்றார். அப்படியானால் ஹிந்தி? "அதுவுந்தான்." கீபோர்டு? "ம்." சிலம்பம்? "அது ஒரு நாளு பேரணி ஸ்டேஷன் வர்றங்காட்டியும் வாயில வந்துச்சு தங்கச்சி, வுட்டுட்டேன்." எங்க பையனுக்கு அதுல கால் வீங்கிப்போச்சுங்க என்றேன். ஐயையோ நெசமாவே சேத்துட்டாரா, சாரும் என்ன மாதிரி சும்மா அளக்கறாருன்னு இல்ல நெனச்சேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நடுரோட்டில் எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டேன். பாவம், அவர் சொல்லும் வகுப்பில் உன் அப்பா பிள்ளையைச் சேர்ப்பார், சேர்த்ததை மறுநாள் ரயிலில் சொல்வார், அதைக் கேட்டு அவர் புதிதாக ஒன்றை உண்டாக்குவார். ஒரு மாதமாக உன் தம்பி இரண்டு பேருடைய மானத்துக்காக வகுப்புக்குப் போயிருக்கிறான்.

சிரித்துக்கொண்டேதான் முகாமுக்குப் போனேன். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்த பெண் மரியாதையாக உட்கார வைத்து ஒரு பாரம் கொடுத்தாள். பெயர், பள்ளி, ரத்த வகை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். ஆறாவது கட்டத்தில், பிள்ளை தானாக விரும்பிச் செய்வது என்ன என்று கேட்டிருந்தது. பேனா நின்றுவிட்டது. பதினான்கு வருஷம் வளர்த்த பிள்ளை, மல்லாட்டை தின்பான் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவன் தானாக ஒன்றைச் செய்து பார்க்க ஒரு மதியத்தைக்கூட நாங்கள் விட்டு வைக்கவில்லையே என்று அப்புறம்தான் பட்டது. போட்டோ கொண்டு வரவில்லை, திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லி பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். போட்டோ பையிலேயே இருந்தது. சேர்வதற்குக் கடைசி நாளும் திங்கட்கிழமைதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் முழுக்க உன் நினைவுதான். உனக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாமல் பக்கத்தில் ஒட்டுத்தாள் வைத்து எழுதியிருப்பேன் என்று முதலில் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் அபாகஸ், டைப்ரைட்டிங், பரதம், தையல், எல்லாவற்றிலும் சேர்த்தது நான்தான், உன் அப்பா இல்லை. உன் பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் நடுவே நின்று நானும் அதே பேச்சுதான் பேசினேன், என்ன, நான் சொன்னதெல்லாம் உண்மை. அப்புறம் பொங்கலுக்கு நீ நாலு நாள் வந்தது ஞாபகம் வந்தது. முதல் நாள் ஒட்டடை அடித்தாய், இரண்டாம் நாள் மளிகை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினாய், மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தாய், நாலாம் நாள் என் முன்னால் வந்து நின்று, அடுத்து என்னாமா என்றாய். நீ போன பிறகு உன் தம்பி, "அக்கா லீவுக்கு வந்துச்சா, வேலைக்கு வந்துச்சா" என்று கேட்டான், பொறாமை பிடித்தவன் என்று அவனைத்தான் திட்டினேன். நேற்று பஸ்ஸில் அந்தக் கேள்வி திண்டிவனம் வரைக்கும் என்னோடு வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லையம்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தால் யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை என்று உனக்குச் சொல்லித் தராமல் விட்டுவிட்டேன். அதற்கு ஒரு வகுப்பு அப்போது இல்லை, இருந்திருந்தால் அதிலும் சேர்த்திருப்பேன்.

சரி, நீண்டுவிட்டது. நேரத்துக்கு மோர் குடி, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளாதே, ஞாயிற்றுக்கிழமையில் ஆபீஸ் மெயில் பார்க்காதே. கடைவாய்ப் பல்லுக்கு டாக்டரிடம் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த வாரத்திலேயே போ. எந்தக் குறையும் இல்லாமல், நோய் நொடி அண்டாமல், மனது நிறைய சிரித்துக்கொண்டு நீ நீடூழி வாழ வேண்டும். உன் அப்பாவின் ஆசிகளும் இதில் உண்டு, அவரைக் கேட்காமலே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும் அம்மா,
தே. மலர்விழி.

பி.கு. கவரை ஒட்டும் முன் இன்னொன்று. என்னோடு கல்லூரியில் படித்த அமலா பொம்மையார்பாளையத்தில் இருக்கிறாள், கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு, பத்து வருஷமாக வா வா என்கிறாள். அவளுக்குக்கூட இன்னும் போன் செய்யவில்லை. திங்கட்கிழமை உன் அப்பா ரயில் ஏறியதும் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு சித்துவைக் கூட்டிக்கொண்டு அங்கே பஸ் ஏறப் போகிறேன், பள்ளி திறக்கும் வரைக்கும். கடலோரத்தில் தங்கிப் பயிற்சி என்று அவர் பெட்டியில் சொல்லிக்கொள்ளட்டும், அதைக் கேட்டுப் பெரியதம்பி மகனும் வந்து சேர்ந்தால் அமலாவிடம் இன்னொரு பாய் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாரத்தை நான் கொடுக்கப் போவதில்லை. இது சித்துவுக்கே இன்னும் தெரியாது.