உன் நைனாவிடம் சொல்லிவிட்டேன்

என் ஏகாம்பரண்ணனுக்கு,

நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காரியம் முடிந்தது, பந்தலைப் பிரித்தாயிற்று, வந்தவர்கள் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. எதை நீ சொல்லவே கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டாயோ, அதை உன் நைனாவிடம் சொல்லிவிட்டேன். கோபம் வரும், தெரியும். ஏன் சொன்னேன் என்று கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

உன்னைக் கழனியிலிருந்து தூக்கி வந்த அன்று வி.ஏ.ஓ. வந்தார். நடவுக்குச் சேறு ஓட்டிய இடத்தில், கணுக்கால் தண்ணீரில், வலிப்பு வந்து குப்புற விழுந்து ஒருவன் செத்துப்போனால் அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. பெயர் கேட்டார், வயது கேட்டார். "இன்னா படிச்சிருக்கான்?" என்று கேட்டார். உன் நைனா தலை நிமிரவில்லை. "ஒண்ணும் படிக்கலிங்க சாமி. கூலி வேலதான்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எம்.ஏ. படித்தவன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பெற்ற பிள்ளையின் படிப்பைத் திருட்டுச் சாமான் மாதிரி மறைக்கிற அளவுக்கு அந்த மனிதரைக் கொண்டுவந்து விட்டது யார் அண்ணே?

சர்வதேசப் பாதுகாப்பு என்று ஒரு படிப்பு இருப்பதே நாம் சேரும்வரை ஊரில் யாருக்கும் தெரியாது. உத்திரமேரூரில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்து, நீயும் நானும் பட்டணம் போவோம். ஏரிக்கரையை ஒட்டிய குடிசையிலிருந்து நீ வருவாய், ஊருக்குள் நெல் மண்டி வைத்திருந்த வீட்டிலிருந்து நான் வருவேன். முதல் வாரமே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டாய். பஸ்ஸில் பார்த்துவிட்டு யாரோ வீட்டில் போட்டுக்கொடுக்க, அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

வகுப்பில் பாதிப் பேர் ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகள். மாதம் ஒருமுறை ஆளுக்கொரு நாடாகப் பிரித்து மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, போர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று விளையாட வைப்பார்கள். வல்லரசுகள் எல்லாம் முன்வரிசைக்குப் போய்விடும். உனக்கு ஒவ்வொரு முறையும் கப்பலும் கிடையாது, கடலும் கிடையாது என்கிற ஏதாவது ஒரு நாடுதான் வரும். "நமக்கு இத்தான் தங்கச்சி. நடுவுல உக்காந்துக்கினு நாலு பக்கமும் கும்புடு போடணும்" என்பாய். நான் சிரிப்பேன். நீ சிரிக்க மாட்டாய்.

செமினாரில் உன் வாயில் ஒருநாள் "கீது" வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. "இது செமினார்ப்பா, சந்தை இல்லை" என்றார் துறைத்தலைவர். அதற்கு அடுத்த மாதம்தான் நீ அந்த வரைபடத்தைக் கொண்டுவந்தாய். நம் மீனவர்களின் படகுகள் எந்தெந்தப் பக்கம் போகின்றன, எங்கே எல்லை, எங்கே சுடுகிறார்கள் என்று சிவப்புப் பென்சிலால் குறித்திருந்தாய். அதற்காகக் கடற்கரைக் குப்பங்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். தலைவர் அசந்துபோனார். பெரிதாக ஒன்று வரையச் சொல்லி வாங்கி, தன் நாற்காலிக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டார். வருகிறவர்களிடம் எல்லாம் தன் சொந்த ஆராய்ச்சி மாதிரிக் காட்டினார்.

வெளிநாட்டில் மாணவர்களுக்கான பயிலரங்கு என்று நம் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். விசாரணைக்கு ஒரே ஏட்டுதான் இரண்டு வீட்டுக்கும் வந்தார். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார், அப்பாவிடம் நெல் விலை விசாரித்தார், போய்விட்டார். நான் என்ன படிக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் வரைபடத்தின் நகல் அப்போது என் மேஜை மேல்தான் விரித்தபடி கிடந்தது.

உங்கள் பக்கம் வேறு கதை. எந்தக் கழனியில் மோட்டார் காணாமல் போனாலும் முதலில் உங்கள் குடிசைகளுக்குத்தான் போலீஸ் வரும். உன் நைனா எத்தனை முறை ஸ்டேஷனில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, காக்கி உடை போட்ட ஒருவர் "உக்காருய்யா, பையன் இன்னா படிக்கிறான்?" என்று நல்லபடியாகக் கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"எம்புள்ள சண்டைய பத்தி படிக்கிறான் சாமி. எந்த நாட்ல எத்தினி குண்டு கீது, கப்பல் எந்தப் பக்கம் போவும், அல்லாம் அவனுக்கு அத்துப்படி. இலங்கைக்கு படகு எந்த வயியா போவுதுன்னு படமே போட்டு வெச்சிக்கீறான். பாக்குறீங்களா?" என்று சொல்லி, பரணிலிருந்து அவரே வரைபடத்தை எடுத்து விரித்திருக்கிறார். இலங்கை என்று யார் வாயைத் திறந்தாலும் போலீசுக்குச் சந்தேகம் வருகிற காலம் அது. ஏட்டு பொறுமையாகப் பார்த்தார், சோடா குடித்தார், போனார். மறுநாள் ஜீப் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போனது.

அதற்கு அடுத்த நாள் நான் விடியற்காலையிலேயே பஸ் பிடித்துத் தலைவர் அறைக்கு ஓடினேன். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டேஷனிலிருந்தே போன் வந்துவிட்டது. எழுந்து நின்று பேசினார். "ஏகாம்பரமா? சரியாத் தெரியாதுங்க. வகுப்புக்கு வருவான், அவ்வளவுதான். மேப்பா? எங்க டிபார்ட்மெண்ட்ல அப்படி எதுவும் வரையச் சொல்லலை." அவர் தலைக்குப் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது அண்ணே. நான் விரலை நீட்டி, "சார், இதோ இருக்கே" என்றேன். போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "உனக்கும் டிகிரி வேணும் இல்லையா? போய் வகுப்புல உட்காரு" என்றார்.

நான் உட்காரவில்லை. திரும்ப ஊருக்கு வந்து ஸ்டேஷனுக்குப் போனேன். "பாடம் சொல்ற சாரே தெரியாதுன்றாரு, உனக்கு இன்னாம்மா?" என்று அனுப்பிவிட்டார்கள். மறு வாரம் துறைக்குப் போனால் சுவரில் ஆணிகள் மட்டும்தான் இருந்தன.

அவர்கள் அடித்த அடியில், உன்னை விட்டபோது ஒரு காது கேட்கவில்லை. வலிப்பு அதற்கப்புறம் வந்ததுதான். பாஸ்போர்ட் உனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. என்னுடையது வந்தது. பெண் பிள்ளையை அத்தனை தூரம் அனுப்ப முடியாது என்று அப்பா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நம் இரண்டு பேருக்குப் பதில் முன்வரிசை வல்லரசுகள் இரண்டு போய்வந்து போட்டோ காட்டின.

அப்படியும் நீ பரீட்சை எழுதினாய். "பாதுகாப்பு என்பதை விளக்குக" என்று முதல் கேள்வியே வந்தது. என்ன எழுதினாய் என்று எத்தனையோ தடவை கேட்டேன். கடைசிவரை சொல்லவே இல்லையே.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் போன் விஷயத்தை உன்னிடம் சொன்னேன். நீ உடனே, "நைனாகிட்ட இத்த சொல்லாத தங்கச்சி. படிச்சவங்கன்னா அவுருக்கு சாமி. அதுவும் போச்சின்னா அவுருக்கு இன்னா கீது?" என்றாய். சரி என்றேன். நீ உன் நைனாவை நன்றாகத் தெரிந்தவன்தான். ஆனால் அவர் மொத்தப் பழியையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

உனக்கு எந்த வேலையும் கிடைக்காமல் நீ கூலிக்குப் போன வருஷங்களிலும் அவர் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது குடிசை வாசலில் உட்கார்ந்து வாய்மேல் கையை வைத்து அழுத்திக்கொள்கிறார். என்னிடம் மட்டும், "நா வாய வெச்சிக்கினு சும்மா கெடந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான் பாப்பா. நாந்தான் அத்த எட்த்து காட்டினேன்" என்கிறார். சாப்பாடும் சரியாக இல்லை. இதைப் பார்த்துக்கொண்டு உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்கிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். போனில் பேசியது, பின்னால் மாட்டியிருந்தது, நான் விரல் நீட்டியது, ஒன்று விடாமல். கேட்டுவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார். "என்னத் தேத்தறதுக்கு சொல்றம்மா நீ. பாடம் சொன்ன சாரு, எம்புள்ளைய தெரியாதுன்னு சொல்வாரா?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது போய்க் கத்த வேண்டும் போல இருந்தது. உன்னை நம்பாத ஊரில், அந்த ஆளை நம்புகிறவர் உன் நைனா ஒருவர்தான்.

அந்த ஆள் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். விழா எடுக்கிறார்கள். பழைய மாணவர்கள் வந்து அவரைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமாம், இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் அழைப்பிதழைக் கிழித்துப் போடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது போவதாக இருக்கிறேன். உன் நைனாவிடம் கூட வருகிறீர்களா என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் உயிர் வந்தது. "வரேன் பாப்பா. எம்புள்ளைக்கு பாடம் சொன்னவரு. பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு வந்துட்றேன்" என்றார்.

கும்பிடட்டும். நான் தடுக்கப்போவதில்லை. அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, என் முறை வரும்போது கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போவேன். "சார், இவர் ஏகாம்பரத்தோட அப்பா. ஏகாம்பரத்தைத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். தெரியும் என்றால், அன்றைக்குப் போனில் ஏன் தெரியாது என்றீர்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்பேன். தெரியாது என்றால் நான் மேற்கொண்டு பேசவே வேண்டாம். உன் நைனா தன் காதாலேயே அதைக் கேட்டுவிடுவார். உன்னைக் கொன்றது தன் வாய் இல்லை என்று அன்றைக்காவது அவருக்குத் தெரிந்துவிடும். சாமி என்று நினைத்த ஒன்று அவருக்கு இல்லாமல் போகும், அதற்கு நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். உனக்குக் கொடுத்த பழைய வாக்கு இனி இல்லை அண்ணே. இந்த வாக்கைத் தவறமாட்டேன்.

வேறு வீட்டில் பிறந்த உன் தங்கச்சி,
மல்லிகா