இடது கைச் சைகை

12 ஜூலை 1988, செவ்வாய்

கார் ஓட்டப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். தேர்வில் இன்று தேறவில்லை. இந்த அறுபத்திரண்டு வயதுவரை எந்தத் தேர்விலும் தோற்றதில்லை.

சாலை விதிப் புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். இன்ஸ்பெக்டர் காட்டிய பலகைகளுக்கெல்லாம் சரியாகவே சொன்னேன். கடைசியாக, "லெஃப்ட் திரும்ப என்ன சிக்னல்மா?" என்றார். யோசிக்காமல் இடது கையை நீட்டிவிட்டேன்.

"டிரைவர் வலது கையைத்தாம்மா வெளியே நீட்டிச் சுத்தணும். இடது பக்க ஜன்னல் உங்களுக்கு எட்டுமா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை, அவர்தான் கார் ஓட்டுவார். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து சேலையூர் பக்கம் திரும்பும்போதெல்லாம் "கை காட்டு" என்பார். பக்கத்து இருக்கையிலிருந்து நான் இடது கையை நீட்டுவேன். இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

தேறினால் அவருடைய கார் எனக்கு, இல்லாவிட்டால் விற்றுவிடலாம் என்று மகனிடம் பந்தயம் போல ஒப்புக்கொண்டவள் நான்தான். மாலையில் ஃபோன் செய்தான். "ஃபெயில்" என்றேன்.

"சரி விடுங்கம்மா. ஞாயித்துக்கிழமை கார் பாக்க ஆளைக் கூட்டிட்டு வரேன்."

அடுத்த மாதம் மறுபடி வரலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. தேறிவிட்டால் அந்த வண்டியில் தனியாகத்தான் போகவேண்டும் என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது.